கலிவர் எங்கே அதிகம் அந்நியமாகிறான்? அரக்கர் நாட்டிலா, குதிரைகள் நாட்டிலா?

கலிவர் என்றதும் கடற்கரையில் மெல்லிய கயிறுகளால் கட்டுண்டு கிடக்கும் மனிதன்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறான். ஆனால் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ நான்கு பாகங்கள் கொண்டது. குட்டி மனிதர்களின் நாடான லில்லிபுட் அதில் முதல் பாகம் மட்டுமே. அடுத்தவர் கண்ணில் தன்னைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் சொந்த மனிதர்களே வேற்று ஆட்களாகத் தெரிவதுதான் நாவலின் மையம் என்று எடுத்துக்கொண்டால், போட்டி இரண்டாம் பாகத்தில் வரும் பிராப்டிங்னாக் என்ற அரக்கர் நாட்டுக்கும், நான்காம் பாகத்தில் வரும் ஹூய்னிம் என்ற அறிவுள்ள குதிரைகளின் நாட்டுக்கும்தான். மூன்றாம் பாகத்தின் பறக்கும் தீவில் ஆட்களுக்கு ஒரு கண் உள்நோக்கியும் இன்னொன்று உச்சி வானத்தை நோக்கியும் திரும்பியிருக்கும். நல்ல கிண்டல்தான், ஆனால் கலிவரை அங்கே யாரும் சரியாகப் பார்ப்பதே இல்லை.

அரக்கர் நாட்டில் அவனைக் கண்டெடுக்கும் விவசாயி, பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசுக்குக் காட்டுகிறான். தலைநகரில் ஒரு நாளைக்கு 10 காட்சி. கலிவர் இளைத்து எலும்பாகிறான். இதைப் படிக்கும்போது முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களை மறக்கக் கூடாது: அங்கிருந்து கொண்டுவந்த குட்டி மாடுகளை இங்கிலாந்தில் பெரிய மனிதர்களுக்குக் காட்டி இதே கலிவர் நல்ல லாபம் பார்த்திருக்கிறான், அப்புறம் 600 பவுண்டுக்கு விற்றும்விட்டான். ஸ்விஃப்ட் இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்வதில்லை. கலிவருக்கும் அது தோன்றுவதில்லை.

அதே நாட்டில் பாலூட்டும் ஒரு பெண்ணின் மார்பை அருகில் பார்த்து அருவருக்கிறான். உடனே, லில்லிபுட்டில் ஒரு நண்பன் தன் முகத்தைப் பற்றி இதே அருவருப்போடு பேசியது அவனுக்கு நினைவு வருகிறது. தோலின் அழகு பார்ப்பவரின் உயரத்தைப் பொறுத்தது என்று புரிந்துகொள்கிறான். குதிரைகள் நாட்டில் இப்படிப் பார்வை திரும்பி வருவதில்லை. அங்கே அவன் மனித உருவம் கொண்ட யாஹூ என்ற விலங்குகளில் ஒன்றாகவே எடைபோடப்படுகிறான்; கொஞ்ச நாளில் அந்தத் தீர்ப்பே அவன் தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது.

இரண்டு பிரதிபலிப்புகளைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. பிராப்டிங்னாக் அரசி அவனை உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடி முன் நிற்பாள். தான் சுருங்கிப்போனதாக அவனுக்கே தோன்றும், சிரிப்பும் வரும். குதிரைகள் நாட்டில் ஏரி நீரில் தன் உருவத்தைப் பார்த்தால் வெறுப்போடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வீடு திரும்பும் காட்சிகளிலும் இதே கதை. இரண்டாம் பயணம் முடிந்து வந்தவன், மிதிபட்டுவிடுவார்கள் என்று பயந்து வழியில் போகிறவர்களை விலகச் சொல்லிக் கத்துகிறான். வீட்டு வாசலில் தேவையே இல்லாமல் குனிகிறான். நான்காம் பயணத்துக்குப் பின் மனைவி முத்தமிட்டதும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மயங்கிக் கிடக்கிறான். இரண்டு குதிரைகளை வாங்கி, தினமும் குறைந்தது 4 மணி நேரம் அவற்றோடு பேசுகிறான்.

அதிர்ச்சி வேண்டுமென்றால் நான்காம் பாகம். என் ஓட்டு இரண்டாம் பாகத்துக்கு. அங்கே அந்நியமாதல் வாதமாக வராமல் உடம்பின் பழக்கமாகவே வருகிறது. அந்தக் குனிதலுக்கு விளக்கவுரை வேண்டாம். நான்காம் பாகத்தில் கலிவர் பிரசங்கி ஆகிவிடுகிறான், சில இடங்களில் சலிப்புத் தட்டுகிறது.

ஆனாலும் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிட முடியாததற்குப் பெட்ரோ டி மென்டெஸ் போதும். கலிவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, உடை கொடுத்து, லிஸ்பனில் தன் வீட்டிலேயே தங்கவைக்கும் போர்ச்சுகீசிய கேப்டன். நாவலிலேயே மிக நல்ல மனிதர்களில் ஒருவர். கலிவரோ அவர் பக்கத்தில் நிற்கவே கூசி, நாற்றம் தாங்காமல் மூக்கை அடைத்துக்கொள்கிறான்.