787, ஏ350: விமான உடலைக் கட்டுவதில் எது மேல்?
போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கலவைதான், ஆனால் உடலைக் கட்டும் விதம் வேறு. 787இல் பிசின் ஊறிய கார்பன் நாடாவைப் பெரிய உருளை அச்சின் மேல் இயந்திரம் சுற்றிச் சுற்றி ஒட்ட, அதை முழு வளையமாகவே அழுத்த அடுப்பில் வைத்து இறுக்குகிறார்கள்; நீளவாக்கில் இணைப்பே கிடையாது, ரிவெட்டும் (துண்டுகளை இணைக்கும் ஆணி) எடையும் மிச்சம். அழகான வேலை!

ஏ350இல் நீண்ட பலகைகளாகச் செய்து சட்டத்தில் பொருத்துகிறார்கள். இணைப்புகள் கூடும், சரி. ஆனால் மேல், கீழ், பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தேவையான தடிமனை எளிதாகக் கொடுக்கலாம், தயாரிப்பில் ஒன்று பழுதானால் அதை மட்டும் ஒதுக்கலாம். 787இன் முழு வளையத்தில் பிழை வந்தால் பெரிய துண்டே சிக்கலில் மாட்டும்.

என் ஓட்டு பலகைக்குத்தான். கேபின் காற்றை என்ஜினிலிருந்து உறிஞ்சாமல் மின் கம்ப்ரசரால் அழுத்தும் விஷயத்தில் மட்டும் 787 எனக்கு ஒரு படி மேல்.