திரையில் 1.1 ஜி, தரையில் எவ்வளவு?

டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸில் டிராக் மோடை (பந்தயத் தடத்துக்கான அமைப்பை) இயக்கினால் திரையிலேயே ஜி-மீட்டர் தெரியும். வளைவில் காரின் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் எத்தனை மடங்கு என்று காட்டும் அளவி அது; ஒரு மடங்கு 1 ஜி. அது ஒரு கணம் 1.1 காட்டிவிட்டால், அதுவே காரின் பிடிமானம் என்று சொல்லிவிடத் தோன்றும். டயர், சஸ்பென்ஷன் எதையும் மாற்றாத காரைப் பற்றிப் பேசும்போது அந்த எண்ணை நான் ஏற்கமாட்டேன். அது உச்சம். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினாலும், சாலையில் சிறு மேடு வந்தாலும் அது எகிறும். எவ்வளவு நேரம் நிலைத்தது என்பதே கேள்வி.

ஜி அளக்கும் கைபேசிச் செயலி இன்னும் மோசம். வளைவில் கார் வெளிப்புறமாகச் சாயும்போது கைபேசியும் சாய்கிறது. புவியீர்ப்பின் ஒரு பங்கு பக்கவாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மூன்று பாகைச் சாய்வுக்கே சுமார் 0.05 ஜி கூடும். 0.95 ஜி உள்ள கார், உட்கார்ந்த இடத்திலேயே 1.0 ஆகிவிடும்!

ஜிபிஎஸ் பதிவுக் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேகத்தையும் திசை மாறும் விகிதத்தையும் கொண்டு கணக்கிடுவதால் காரின் சாய்வு அதைத் தொடாது. ஆனால் உட்பக்கம் சரித்துப் போட்ட வளைவில், சாலை செய்த உதவியையும் டயரின் பெருமையாக எழுதிவிடும். சமதளத்தில் மட்டும் நம்பலாம்.

எனக்குப் பிடித்தது பழைய முறைதான்: வட்டம், நிறுத்துக் கடிகாரம். வட்டக் கோட்டில் நழுவாமல் முடிந்த அளவு வேகமாகச் சுற்றி, சுற்று நேரத்திலிருந்து ஜி-யைக் கணக்கிடுவது. அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் 300 அடி விட்டமுள்ள வட்டத்தில் சோதிக்கிறது. 200 அடி வட்டமானால் இடம் கிடைப்பது எளிது, ஆரம் 30.5 மீட்டர். 0.95 ஜி என்றால் வேகம் மணிக்கு 61 கி.மீ., ஒரு சுற்றுக்கு 11.4 விநாடி. கடிகாரத்தை அழுத்துவதில் 0.1 விநாடி பிசகினால் 0.02 ஜி போகும். வட்டக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் விலகி ஓடினால் 0.03 ஜி. எனவே பல சுற்றுகளின் சராசரி வேண்டும், வலமும் இடமும் சுற்ற வேண்டும்.

மின்காரில் ஒரு தொல்லை உண்டு. முடுக்கியிலிருந்து கால் சற்றே தளர்ந்தாலும் மீளாக்க பிரேக் (மோட்டாரே காரை மெதுவாக்கி மின்கலத்துக்கு மின்சாரம் திருப்பும் முறை) பிடித்து, எடை முன்பக்கம் சரிந்து, பின் டயர்கள் நழுவத் தொடங்கும். சீரான வேகம் கலைந்தால் அந்தச் சுற்றை விட்டுவிட வேண்டியதுதான். சுமார் 1,850 கிலோ எடையுள்ள இந்தக் காரில் அதிகச் சுமை தாங்கும் வெளிப்பக்க முன் டயர் சீக்கிரம் சூடேறுவதால், சுற்றுகளுக்கு இடையே ஓய்வும் தேவை.

மோட்டார் டிரெண்ட் இதழின் 'எட்டு' வடிவச் சோதனை சுவையானது. ஆனால் அதில் வட்டங்களுக்கு நடுவே முடுக்கமும் பிரேக்கும் கலந்துவிடுகின்றன. வலுவான மோட்டார் உள்ள கார், டயரின் குறையை நேரத்தில் ஈடுகட்டிவிடும். இரண்டு கார்களைப் போட்டியிட வைக்க 'எட்டு' போதும். ஒரே காரில் இரண்டு டயர்களை ஒப்பிட வட்டமே சரி.