மடியில் கனமில்லாத செயலி: சிக்னல் குறித்து ஒரு மதிப்புரை

இணைய உரிமை பற்றிப் பேச்செடுத்தாலே, "மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். தவறு செய்யாதவருக்கு ரகசியம் எதற்கு என்பது அவர் வாதம். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, செய்தி பரிமாறும் சிக்னல் செயலியை நாள்தோறும் பயன்படுத்திவரும் எனக்கு, அந்தப் பழமொழி சரியாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லும் இடம்தான் தவறாக இருக்கிறது என்று படுகிறது. நம் பேச்சைச் சுமந்து செல்லும் நிறுவனத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது. அதன் மடியில் என்ன இருக்கிறது, யார் வந்து உலுக்கினால் எது கீழே விழும் என்று பார்த்தே இந்தச் செயலியை மதிப்பிடுகிறேன்.

சிக்னலை நடத்துவது இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை. சிக்னலை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும், வாட்ஸ்அப்பை நிறுவியவர்களுள் ஒருவரான பிரையன் ஆக்டனும் 2018-இல் அதைத் தொடங்கினார்கள். ஆக்டன் 5 கோடி டாலர் கொடுத்தார். செய்தியை அனுப்புபவரின் கைபேசியிலேயே பூட்டி, பெறுபவரின் கைபேசியில் மட்டுமே திறக்கும் முனைக்கு முனை மறையாக்கம் இதன் அடிப்படை. அதே மறையாக்க நெறிமுறையைத்தான் வாட்ஸ்அப்பும் 2016 முதல் பயன்படுத்துகிறது. ஆகவே செய்தியின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு உறையின் மேல் எழுதியிருப்பதில் இருக்கிறது. யார் யாருடன் பேசினார், எத்தனை மணிக்குப் பேசினார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்ற விவரங்கள் கடிதத்தைப் பிரிக்காமலே ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லிவிடும். ஒருவர் நள்ளிரவில் மருத்துவரையும், விடிந்ததும் வழக்கறிஞரையும் அழைத்தார் என்று தெரிந்தால், என்ன பேசினார் என்று கேட்க வேண்டியதில்லை. இந்த உறைமேல் விவரங்களையும் வைத்துக்கொள்ளாமல் இருக்கச் சிக்னல் மெனக்கெடுகிறது. 2018-இல் கொண்டுவந்த ஒரு வசதி, அனுப்புபவர் யார் என்பதையே பெரும்பாலும் தன் சேவையகத்திடமிருந்து (சர்வர்) மறைக்கிறது.

சொல்வது எளிது, சோதனை வரும்போதுதான் தெரியும். அறக்கட்டளை தொடங்குவதற்கு முன்பே, 2016-இல், சோதனை வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா கிழக்கு மாவட்டத்திலிருந்து இரண்டு தொலைபேசி எண்கள் குறித்த விவரங்களைக் கேட்டு ஆணை வந்தபோது, அவற்றுள் ஒரு எண்ணுக்கு மட்டுமே சிக்னலில் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சேவையகத்துடன் இணைந்தது என்ற இரண்டு நேரக் குறிப்புகளைத்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. தொடர்புப் பட்டியல் இல்லை, குழுக்கள் இல்லை, செய்திகள் இல்லை. சட்டத்தை மீறி மறுத்ததால் அப்படி நடக்கவில்லை. கொடுக்க வேறெதுவும் கையில் இல்லாததால் நடந்தது. தனியுரிமைக் கொள்கை என்ற பெயரில் நிறுவனங்கள் எழுதும் முப்பது பக்க ஆவணங்களைவிட இந்த இரண்டு வரிப் பதிலை நான் நம்புகிறேன்.

அன்றாடப் பயன்பாட்டில் இது எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு காட்சி. என் அக்கா கைபேசியை மாற்றியபோது, எங்கள் உரையாடலின் நடுவே பாதுகாப்பு எண் மாறிவிட்டதாக ஒரு சிறிய வரி தோன்றியது. பெரும்பாலானோர் அதைப் பார்த்தும் பாராமல் கடந்துவிடுவார்கள். நானும் முன்பு அப்படித்தான் இருந்தேன். அன்று அக்காவை அழைத்து, இருவரும் அந்தத் திரையைத் திறந்துவைத்துக்கொண்டோம். ஐந்தைந்து இலக்கங்களாகப் பன்னிரண்டு கூட்டங்கள், மொத்தம் 60 இலக்கங்கள். "நீ வாசி, நான் சரிபார்க்கிறேன்" என்றார் அக்கா. ஏழாவது கூட்டத்தில் நான் ஓர் இலக்கத்தைத் தவறாக வாசித்தபோது உடனே நிறுத்தினார். இரண்டு பக்கமும் எண்கள் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று பொருள். அதற்காக அக்கா எந்த நிறுவனத்தின் சொல்லையும் நம்ப வேண்டியிருக்கவில்லை; தன் கண்ணாலும் காதாலும் உறுதிசெய்துகொண்டார். கணிதம் தெரியாத ஒருவர் கையில் இப்படியொரு சோதனையைக் கொடுத்திருப்பதைப் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

இனி, இந்தச் செயலியைச் சுற்றி நடக்கும் பெரிய விவாதத்துக்கு வருகிறேன். பூட்டிய பேச்சுக்குள் குழந்தைகளுக்கு எதிரான கொடுமைகளும் ஒளிந்துகொள்கின்றன என்பது அரசுகளின் குற்றச்சாட்டு, அது கற்பனையும் அல்ல. அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கு 2023-இல் மட்டும் 3.6 கோடிக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அவற்றுள் பெரும்பகுதி, தங்கள் தளங்களில் போகும் படங்களைப் பார்க்க முடிகிற நிறுவனங்கள் அனுப்பியவை. பார்க்க முடியாத நிறுவனத்திடமிருந்து அப்படிப்பட்ட புகார் எழும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்த உண்மையை மறைத்துவிட்டுத் தனியுரிமையைப் புகழ்வது நேர்மையாகாது.

அதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுவது, செய்தி பூட்டப்படுவதற்கு முன்பே கைபேசிக்குள் ஒரு நிரல் அதைப் பார்த்துவிடுவது; இதை வருடல் (ஸ்கேனிங்) என்கிறார்கள். ஐரோப்பிய ஆணையம் 2022 மே மாதம் முன்வைத்த சட்ட முன்வரைவும், பிரிட்டனில் 2023 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற இணையப் பாதுகாப்புச் சட்டமும் இந்தத் திசையில் கதவைத் திறந்தன. சிக்னலின் தலைவர் மெரடித் விட்டேகர், மறையாக்கத்தைத் தளர்த்துவதைவிட அந்த நாடுகளை விட்டு வெளியேறுவோம் என்று இரண்டு இடங்களிலும் சொல்லிவிட்டார். தொழில்நுட்பம் ஆயத்தமாகும்வரை அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தப் போவதில்லை என்று பிரிட்டன் அரசு தரப்பில் சொல்லப்பட்டது. ஐரோப்பாவில் உறுப்பு நாடுகளின் மன்றம் 2025 நவம்பரில் எடுத்த நிலைப்பாட்டில் கட்டாய வருடல் கைவிடப்பட்டது. பிரிட்டன் சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கைபேசிக்குள் வருடுவது நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு முன்னோட்டங்கள் உண்டு. ஆப்பிள் 2021 ஆகஸ்டில் இப்படியொரு திட்டத்தை அறிவித்தது; ஒரு படத்தை எண்ணாகச் சுருக்கி ஒப்பிடும் அதன் படக்கைரேகை முறை, முற்றிலும் வேறான இரண்டு படங்களை ஒன்றென்று எண்ணும்படி ஏமாற்றப்படலாம் என்பதைச் சில வாரங்களுக்குள் ஆய்வாளர்கள் காட்டினார்கள்; 2022 டிசம்பரில் திட்டத்தையே ஆப்பிள் கைவிட்டது. அதே 2022-இல் வெளிவந்த இன்னொரு செய்தி என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை. உடம்புக்கு முடியாத தன் சிறு மகனின் படத்தை மருத்துவர் பார்ப்பதற்காக எடுத்த ஒரு தந்தையை, கூகுளின் தானியங்கி முறை குற்றவாளியாகக் கணித்தது. காவல்துறை விசாரித்து அவர்மீது குற்றமில்லை என்று முடித்த பிறகும் அவருடைய கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. பல ஆண்டு மின்னஞ்சல்களும் குடும்பப் படங்களும் போயின. இயந்திரம் தவறு செய்யும்போது மேல்முறையீட்டைக் கேட்க மனிதர் ஒருவர் இருப்பார் என்ற உறுதியை எந்தச் சட்டமும் முதலில் தர வேண்டும்.

நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் கள்ளச்சாவி ஒன்றைச் செய்துவிடலாம் என்பவர்களுக்கு 2024-ஐ நினைவூட்டுகிறேன். சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட ஊடுருவலில், அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் நுழைந்தவர்கள், நீதிமன்ற ஆணையின்பேரில் ஒட்டுக்கேட்பதற்காக அமைக்கப்பட்ட கருவிகளையே எட்டிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இலக்காகக்கூடிய உயர்பொறுப்பாளர்கள் சிக்னலைப் போன்ற முனைக்கு முனை மறையாக்கம் கொண்ட செயலிகளுக்கு மாறுமாறு அந்நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பே அறிவுறுத்தியது.

ஆனால் பாதுகாப்பு என்ற தலைப்பில் சிக்னலுக்கு முழு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்பினால் ஏற்கவும், தடுக்கவும், புகாரளிக்கவும் திரையிலேயே வழி இருக்கிறது. அந்நியர்களைப் பரிந்துரைக்கும் பட்டியலோ முடிவில்லாமல் ஓடும் காணொளி வரிசையோ இல்லை. இவையெல்லாம் குழந்தைகளைக் காக்கும் வடிவமைப்புகள்தாம். எனினும் 1,000 பேர்வரை சேரக்கூடிய குழுக்களை அனுமதிக்கும் ஒரு சேவை, துன்புறுத்தலுக்கு ஆளானவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் செயலிக்குள்ளேயே, அவருக்குப் புரியும் மொழியில் விரிவாகச் சொல்ல வேண்டும். உரையாடலில் பங்கேற்பவரே முன்வந்து புகாரளிப்பதால் மறையாக்கம் உடைவதில்லை. அந்த வழியை இன்னும் அகலப்படுத்தாததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் நான் காணவில்லை.

வயதுச் சரிபார்ப்பு பற்றிச் சுருக்கமாக ஒன்று. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கு ஆஸ்திரேலியா விதித்த தடை 2025 டிசம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது; செய்தி பரிமாறும் செயலிகளுக்கு அதில் விலக்கு உண்டு. வேறொரு தளம் என் வயதை உறுதிசெய்ய அடையாள அட்டையைக் கேட்டபோது நான் கணக்கையே மூடிவிட்டேன். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளத்தின் வெளி ஒப்பந்த நிறுவனம் வழியாக ஏறத்தாழ 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் கசிந்திருக்கலாம் என்ற செய்தி வந்தது. வயது தொடர்பான முறையீடுகளுக்காகப் பயனர்கள் நம்பிக் கொடுத்தவை அவை. கனத்தை மடியில் சேர்த்தால் வரும் பயம் இதுதான்.

சிக்னலின் மடியிலும் கொஞ்சம் கனம் இருக்கிறது. கணக்குத் தொடங்கத் தொலைபேசி எண் கட்டாயம். 2024 பிப்ரவரியில் வந்த பயனர்பெயர் வசதியால் அந்த எண்ணை மற்றவர்களிடமிருந்து மறைக்கலாமே தவிர, எண்ணே இல்லாமல் சேர முடியாது. எண்ணுக்குப் பெயர் விவரம் தர வேண்டிய நாடுகளில் இது சிறிய குறையல்ல. சரிபார்ப்புக் குறுஞ்செய்தி அனுப்பும் ட்விலியோ நிறுவனம் 2022 ஆகஸ்டில் ஊடுருவப்பட்டபோது சுமார் 1,900 சிக்னல் பயனர்கள் பாதிப்புக்கு உள்ளானார்கள்; செய்திகள் கசியவில்லை, ஆனால் எண் என்ற பலவீனம் வெளிப்பட்டது. அந்த எண் முறைக்கு ஆகும் செலவும் வியப்பூட்டுவது: 2023 நவம்பரில் சிக்னல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 கோடி டாலர் உள்கட்டமைப்புச் செலவில் 60 இலட்சம் டாலர் பதிவுக் குறுஞ்செய்திகளுக்கே போனது. விளம்பரமும் தரவு விற்பனையும் இல்லாமல், பெரும்பாலும் நன்கொடையை நம்பி ஓடும் சேவைக்கு இது பெருஞ்சுமை. சேவையகங்கள் பெருநிறுவனங்களின் மேகக் கணினிகளில் (கிளவுட்) இருப்பது இன்னொரு சார்பு; 2025 அக்டோபரில் அமேசானின் மேகச் சேவை முடங்கியபோது சிக்னலும் முடங்கியது.

மனிதப் பிழையை எந்தப் பூட்டும் தடுக்காது. 2025 மார்ச்சில் அமெரிக்க உயரதிகாரிகள் ஏமன் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். பூட்டு சரியாகவே வேலை செய்தது, சாவி வேறொருவரிடம் கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம், போலிக் கியூஆர் குறியீட்டைக் காட்டி ஒருவரின் கணக்கைத் தங்கள் கணினியோடு இணைத்துக்கொள்ளும் ரஷ்யச் சார்புக் குழுக்களைப் பற்றிக் கூகுள் எச்சரித்தது. அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது செயற்கை நுண்ணறிவு. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. பூட்டு திறந்தபின் திரையைப் பார்த்தால் போதும். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த ரீகால் வசதி, கணினித் திரையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படமெடுத்துப் பின்னர் தேடித் தரும். மறையும் செய்திகள் என்று நேரம் குறித்து நான் அனுப்பிய ஒன்று, அடுத்தவரின் கணினியில் படமாகத் தங்கிவிடக்கூடும். ஒரு செயலி இதிலிருந்து விலகிக்கொள்ள முறையான வழி தரப்படாததால், திரைப்படங்களைத் திருட்டுப் பதிவிலிருந்து காக்கும் குறியை எடுத்துச் சிக்னல் 2025 மே மாதம் தன் சாளரத்தின்மீது போட்டுக்கொண்டது. பாராட்டத்தக்க உத்திதான். ஆனால் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கு இதனால் இடையூறு வரலாம் என்று சிக்னலே சொல்கிறது. தேவைப்படுவோர் அணைத்துக்கொள்ள வழியும் வைத்திருக்கிறது. இயங்குதளத்தை உருவாக்கியவர் செய்யாமல் விட்ட வேலைக்கு, பார்வையற்ற பயனர் விலை கொடுக்க நேர்கிறது.

பயணச்சீட்டு எடுக்கவும் நண்பர்களுக்குத் தகவல் சொல்லவும் நம் சார்பில் இயங்கும் ஏஜென்ட் நிரல்கள் வரும்போது, அவை உலாவியையும் நாட்காட்டியையும் செய்திகளையும் ஒன்றாகத் திறந்து பார்க்க அனுமதி கேட்கும் என்று விட்டேகர் எச்சரித்துவருகிறார். ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது; செயற்கை நுண்ணறிவு அமைப்புகளைத் தீங்கின் அளவுக்கேற்ப வகைப்படுத்துவது அதன் முறை. எனக்கு வேண்டியது அதைவிட எளிய ஒன்று: இந்தச் செயலியைப் பார்க்காதே என்று ஒரு செயலியோ அதன் பயனரோ சொன்னால், இயங்குதளம் கேட்டாக வேண்டும் என்ற விதி. ஆண்ட்ராய்டில் சிக்னலின் மறைநிலை விசைப்பலகை அமைப்பைப் பாருங்கள். நாம் தட்டுவதைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று விசைப்பலகையிடம் அது வேண்டுகோள் மட்டுமே வைக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் விசைப்பலகையின் விருப்பம்.

சென்ற மாதம் அக்காவின் கைபேசியில், திரையில் இருப்பதைப் படித்துச் சுருக்கித் தரும் உதவியாளர் ஒன்று புதுப்பிப்போடு வந்து சேர்ந்திருந்தது. அதைச் சிக்னலுக்கு மட்டும் அணைத்துவைக்க இருவரும் உட்கார்ந்து தேடினோம். சிக்னலுக்குள் செய்யக்கூடியவை ஐந்தே நிமிடத்தில் முடிந்தன. கைபேசியின் அமைப்புகளுக்குள் முக்கால் மணி நேரம் அலைந்தோம். அணைக்கும் பொத்தான்கள் இரண்டு கிடைத்தன. அவை எதை அணைக்கின்றன என்ற விளக்கம் எங்கும் கிடைக்கவில்லை. அன்று படித்துக்காட்டிய 60 இலக்கங்கள் அக்காவின் திரையில் இன்றும் சரியாகத்தான் இருக்கின்றன.