அம்பாசடருக்கு ஷாக் வாங்கிய அனுபவம்

இந்த முறை பொள்ளாச்சி போய்வந்ததில் விமானம், வங்கி வேலை, ஆதார் திருத்தம் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது அப்பாவின் அம்பாசடர் காருக்கு, குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பர் வாங்கியதைப் பற்றித்தான்.

90களில் வாங்கிய வண்டி, ஐசூசு எஞ்சின் போட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மாவுக்கு இடுப்பு வலி. ஆழியாறு வரை போகவே யோசித்தார். பின் பம்பரை அமுக்கி விட்டால் ஓர் ஆட்டத்தில் அடங்க வேண்டிய வண்டி, விடாமல் குதித்தது. ஒரு பக்க ஷாக்கில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. பின் ஷாக் இரண்டும் மாற்றியாக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

கோவையில் ஒரு பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அம்பாசடருங்களா? ஹெவி டூட்டி போட்டுக்குங்க சார், நல்லா கிண்ணுனு நிக்கும்" என்று ஒரு பெட்டியை நகர்த்தினார். முழுதாக அமுங்கினால் நீளம் எவ்வளவு, முழுதாக நீண்டால் எவ்வளவு, உள்ளே வெறும் எண்ணெயா, கேஸும் உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் பார்க்க வேண்டியதில்லைங்க, ஃபிட் ஆகும்." பெட்டியிலும் பார்ட் நம்பரைத் தவிர வேறொன்றும் இல்லை. மறுபடி கேட்பதற்குள் அடுத்தவருக்கு பில் போடத் தொடங்கிவிட்டார். அப்பாவோ, "வாங்கீட்டுப் போலாம் சாமி, வெயிலாகுது" என்றார்.

எனக்கு இது பொறுக்கவே இல்லை. நான் இருக்கும் இங்கிலாந்தில் பழைய மோரிஸ் காருக்கு ஷாக் வேண்டும் என்று போன் செய்தால், முதலில் சேஸிஸ் நம்பரைக் கேட்பார்கள். அப்புறம் பின்னால் இருப்பது பழைய பிளேட் செட்டா (பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங்), மாற்றியதா என்று கேட்பார்கள். போனிலோ இணையத்திலோ வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல சட்டமே இடம் தருகிறது. அம்பாசடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. அந்த ஊரில் அது எப்போதோ நின்றுபோனது. நம் நாட்டில், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசடர் செய்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில், ஒரு ஷாக்கின் இரண்டு நீளங்களைச் சொல்ல ஆள் இல்லை என்றால் எப்படி?

அந்த ஹெவி டூட்டியையே வாங்கினோம், கடைக்காரர்களே மாட்டியும் கொடுத்தார்கள். நாலுவழிச் சாலையில் வண்டி அம்சமாகப் போனது. கிளைச் சாலையில் திரும்பி முதல் ஸ்பீடு பிரேக்கரில் ஏறியதும் பின்னால் 'டமார்' என்று ஓர் அடி. அம்மா "ஐயோ" என்று கத்திவிட்டார். எங்கள் பக்கத்து ஸ்பீடு பிரேக்கர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி 10 செ.மீ. உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், அப்போதுதான் 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்க முடியும். ஊருக்குள் யார் அளந்து போடுகிறார்கள்? பெயின்ட்டும் இல்லாமல், செங்குத்தாக ஒரு வரப்பு. அதில் ஏறும்போது ஷாக்கின் தண்டு சடாரென்று உள்ளே போகிறது. எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு எதிர்ப்பு. ஹெவி டூட்டி என்றால் அந்த எதிர்ப்பு இன்னும் அதிகம். அத்தனையும் நேராக அம்மாவின் இடுப்பில் போய் இறங்கியது.

மறுநாள் பொள்ளாச்சியிலேயே ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனோம். லிஃப்ட் கிடையாது, ஜாக்கியும் மரக்கட்டையும்தான். அங்கிருந்த அண்ணன் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, "பின்னாடி யாருங் தம்பி உக்காருவாங்க? லோடு ஏதாச்சும் ஏத்துவீங்களா?" என்று கேட்டார். இத்தனை வருடம் இங்கிலாந்தில் கார் வைத்திருக்கிறேன், என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஷாக்கைக் கழற்றிவிட்டு, பின்சக்கர அச்சின் கீழ் ஜாக்கி கொடுத்து, அச்சு அதற்கு மேல் ஏறாமல் நிறுத்தும் ரப்பர் தடுப்பு முட்டும்வரை ஏற்றினார். மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவே டேப் வைத்து அளந்தார். அப்புறம் அச்சைத் தொங்கவிட்டு மறுபடி அளந்தார். புது ஷாக்கைக் கையால் முழுதாக அமுக்கிப் பக்கத்தில் பிடித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ரப்பர் முட்டுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிவிடும் நீளம். அந்த 'டமார்' அதுதான். அப்படியே ஓட்டியிருந்தால் ஷாக்கும் போயிருக்கும், அது மாட்டியிருக்கும் இடமும் விரிசல் விட்டிருக்கும்.

"பாரத்தைத் தாங்கறது பிளேட்டுங் தம்பி. ஷாக்கு ஆட்டத்தை அடக்கறதுக்குத்தான். வயசானவங்க ரெண்டு பேரு போற வண்டிக்கு எதுக்குங் ஹெவி டூட்டி?" என்றார். கேஸ் ஷாக் போடலாமா என்று கேட்டேன். மோசமான ரோட்டில் நெடுநேரம் ஓடினால் உள்ளே எண்ணெய் சூடாகி நுரைத்துவிடும், கேஸ் அதைத் தடுக்கும், அது உண்மைதான் என்றார். ஆனால் கேஸின் அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் வண்டி கொஞ்சம் தூக்கலாக, விறைப்பாக நிற்கும். மெதுவாக ஓட்டும் அப்பாவுக்குச் சாதாரண எண்ணெய் ஷாக்கே போதும் என்று, அளவுக்குச் சரியான ஜோடியை வரவழைத்தார். நிமிர்த்திப் பிடித்து சில முறை அமுக்கி இழுத்து, உள்ளே இருந்த காற்றை மேலே போகவிட்ட பிறகே மாட்டினார். வண்டி தரையில் இறங்கிய பின்தான் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம். கூலி, நான் இங்கிலாந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பதில் கால்பங்குகூட இல்லை.

கோவைக் கடை அந்த ஜோடியைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டது. "மாட்டின பொருளை எடுக்க மாட்டோம்" என்று ஒரே பதில். மாட்டியது அவர்களேதான் என்று சொல்லியும் பயனில்லை. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அதே ஸ்பீடு பிரேக்கரில் இப்போது வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றுவிடுகிறது. அம்மாவே கேட்டு வால்பாறை வரை போய்வந்தோம். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி சாயத்தான் செய்தது, ஷாக் மாற்றியதால் அது நிற்காது. முன்பக்க புஷ்கள் தேய்ந்திருப்பதாக அந்த அண்ணன் சொல்லியிருக்கிறார். நல்ல ரப்பரில் கிடைக்கிறதா என்று வண்டி பாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.