பூட்ஸ்டிராப்பா, நேரடி சிஎஸ்எஸ்ஸா: புதியவர் எதில் தொடங்கலாம்?

கைபேசியிலும் கணினியிலும் குலையாத இணையப் பக்கத்தை அமைக்கக் கற்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: பூட்ஸ்டிராப் போன்ற ஆயத்தத் தொகுப்பில் தொடங்கலாம், அல்லது பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், பகுதிகளை அடுக்க உதவும் ஃபிளெக்ஸ்பாக்ஸையும் கிரிட்டையும் நேரடியாகப் பழகலாம். பெங்களூரு அல்சூரில் உறவினர் நடத்தும் மெஸ்ஸுக்குப் பக்கம் அமைத்தபோது நான் இரண்டாவதையே தேர்ந்தேன். என் சாய்வும் அதன் பக்கமே.

வேகத்தில் பூட்ஸ்டிராப் முந்துகிறது. 2011-இல் ட்விட்டர் நிறுவனத்திலிருந்து வெளிவந்த அத்தொகுப்பு, பக்க அகலத்தை 12 பத்திகளாக (நெடுவரிசைகளாக) பகுத்துத் தருவதோடு, பொத்தான், படிவம், மெனு ஆகியவற்றையும் கையோடு கொடுத்துவிடுகிறது.

என் தேர்வை முடிவுசெய்தது பராமரிப்பு. பூட்ஸ்டிராப் 3-ஆம் பதிப்பில் எழுதிய பக்கத்தை 4-க்கு மாற்றும்போது, பெட்டிகளுக்கான 'பேனல்' என்ற பெயர் போய் 'கார்டு' வருகிறது. 2021-இல் வந்த 5-க்கு மாற்றும்போது இடது ஓர இடைவெளிக்குரிய 'எம்எல்' என்பது 'எம்எஸ்' ஆகிறது, மெனு போன்றவற்றைத் திறந்து மூட எழுதும் 'டேட்டா-டாகிள்' என்பது 'டேட்டா-பிஎஸ்-டாகிள்' ஆகிறது. இந்தக் கடைசி மாற்றம் ஓரிடத்தில் விடுபட்டாலும் கைபேசி மெனு அழுத்தினால் திறக்காது. பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமே என்றால், 4-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2023 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. மாறாக, 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகியவற்றில் அடுத்தடுத்து வந்த கிரிட்டில் அன்று எழுதிய விதிகள் இன்றும் அப்படியே இயங்குகின்றன. பத்தியின் குறைந்த அகலம் 220 பிக்சல், மிச்ச இடம் சமபங்கு என்று 'ஆட்டோ-ஃபில்', 'மின்மேக்ஸ்' கொண்டு ஒரே வரி எழுதினால், உணவு அட்டைகள் திரைக்கேற்பத் தாமே ஒன்றாகவும் நான்காகவும் அடுக்கிக்கொள்கின்றன. திரை அகலத்துக்கேற்பத் தனி விதிகள் எழுதும் மீடியா குவெரியே தேவைப்படுவதில்லை.

பிழை வரும்போதும் சிஎஸ்எஸ் அடிப்படைதான் கைகொடுக்கிறது. 'முன்பதிவுசெய்துகொள்ளலாம்' போன்ற நீண்ட தமிழ்ச்சொல் குறுகிய பத்தியைப் பிதுக்கிவிடும் (ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது எளிதில் படாது). மிச்ச இடத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் '1எஃப்ஆர்' என்ற அளவு தன் உள்ளடக்கத்தின் குறைந்த அகலத்துக்குக் கீழே சுருங்காது என்று அறிந்தவர், குறைந்த அளவைப் பூஜ்யமாக்கி, சொல்லை உடைக்க அனுமதித்து, சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்.

என் அனுபவம் தனியாள் பராமரிக்கும் சிறு பக்கங்களோடு நிற்கிறது. பலர் கைவைக்கும் பெரிய தளத்தில் எல்லோருக்கும் பொதுவான வகுப்புப் பெயர்கள் (தோற்ற விதிகளுக்கு இடும் பெயர்கள்) இருப்பது பெரும் வசதியாக இருக்கக்கூடும். வேலைக்காகக் கற்பவர், நிறுவனம் கேட்கும் தொகுப்பை அடிப்படைக்குப் பின் பழகிக்கொள்ளலாம். குறிப்பாக டெயில்விண்ட் என்ற மற்றொரு தொகுப்பின் வகுப்புப் பெயர்கள் பெரும்பாலும் சிஎஸ்எஸ் பண்புகளையே ஒட்டியிருப்பதால், முன்பு கற்றது எதுவும் அங்கே வீணாவதில்லை.