வணிக வழக்கில் 120 நாள் கெடு: தவறான கணக்கால் எங்கள் எதிருரையை இழந்தோம்

டைல்ஸ் சரக்குக்கு 7 லட்சம் ரூபாய் பாக்கி என்று மொத்த வியாபாரி ஒருவர் எங்கள் கடைமீது வணிக நீதிமன்றத்தில் தாவா தொடுத்தார். உடைந்துவந்த சரக்கைத் திருப்பி அனுப்பிய ரசீதுகள் எங்களிடம் இருந்ததால், அவற்றை எதிருரையுடன் (தாவாவுக்கு நாங்கள் எழுத்தில் தரும் பதிலுடன்) சேர்த்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 25,000 ரூபாய் கட்டி வக்காலத்துக் கொடுத்தோம்.

2023 பிப்ரவரி 7 அன்று அமீனா கடைக்கு வந்து சம்மனைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார். எதிருரையைத் தாக்கல் செய்யும் கெடு எப்போது முடிகிறது என்று வக்கீல் அலுவலகத்தில் கேட்டபோதெல்லாம், “முதல் வாய்தா மார்ச் 10. அதிலிருந்து 120 நாள். மே மாத விடுமுறை கணக்கில் வராது. ஆகஸ்ட் 8 வரை இருக்கிறது” என்றார்கள். வாய்தா தேதிக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. சம்மன் கிடைத்த நாளை மட்டும் விட்டு, மறுநாளை முதல் நாளாக எண்ண வேண்டும். இடையில் வரும் கோடை விடுமுறை கழியாது. கடைசி நாளே விடுமுறையில் விழுந்தால்தான், நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்ய இடமுண்டு. பிப்ரவரியில் 21, மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31 என்று எண்ணினால், ஜூன் 7 அன்றே 120 நாளும் தீர்ந்துவிட்டது. அதிலும் முதல் 30 நாளுக்குப் பிறகு காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும் என்பதை அவர்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஜூலை 24 அன்று தாக்கலான எதிருரையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் பிறகும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி மேலும் 12,000 ரூபாய் வாங்கினார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சாதாரண உரிமையியல் வழக்கில் 90 நாள் கடந்தாலும், தகுந்த காரணமிருந்தால் அரிதாக நீதிமன்றம் இரங்கலாம். வணிக வழக்கில் 120 நாளைத் தாண்டிய எதிருரையைப் பதிவில் ஏற்க நீதிமன்றத்துக்கே அதிகாரமில்லை என்று எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. மனு தள்ளுபடியானது.

சம்மன் வந்தால் வழக்கு எண்ணை முதலில் பாருங்கள். ‘ஓ.எஸ்.’ என்றில்லாமல் ‘சி.ஓ.எஸ்.’ என்றிருந்தால் அது வணிக வழக்கு. சம்மன் வாங்கிய தேதியை அதன்மேலேயே எழுதி, 30ஆவது, 120ஆவது நாள்களை நீங்களே நாட்காட்டியில் எண்ணிக் குறித்து, எதிருரையைத் தாக்கல் செய்த எண்ணை வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வழக்கில் இப்போது வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய மட்டுமே வாய்ப்பு மிஞ்சியிருக்கிறது. அந்த ரசீதுகள் கடை மேசையிலேயே கிடக்கின்றன.