மலைக் குளிரில் பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) பெட்டிக்கு எந்த பெட்டிங் (அடியில் பரப்பும் படுக்கை)? மூன்று மழைக்காலம் பயன்படுத்திய அனுபவம்

ஊட்டியில் ஜூலையில் மூடுபனி இறங்கினால் துணி காயாது, சுவர் வேர்க்கும். ஆனால் அதே வீட்டில் இருக்கும் பால் பைத்தான் பெட்டியின் சூடான பக்கத்தில் ஈரப்பதம் 35 சதவீதம் காட்டும். மீட்டர் பழுதில்லை. 12 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 10 கிராம் நீராவிதான் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் வரை தாங்கும். மலைக் காற்றை உள்ளே விட்டுச் சூடாக்கினால் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து எழும் ஆவியோ குளிர்ந்த பக்கக் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து கீழே வழியும். ஒரே பெட்டியில் இங்கே வறட்சி, அங்கே பூஞ்சணம். சென்னைக்காரர் சொல்லும் யோசனை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பலிக்காதது இதனால்தான்.

நிலைத்து நின்றது ஒரே கலவை: தேங்காய் மட்டைச் சில்லு இரண்டு பங்கு, நார்த்தூள் (கோகோபீட்) ஒரு பங்கு. 4×2 அடி பெட்டியில் 8 செ.மீ. ஆழத்துக்கு 60 லிட்டர் வேண்டும். 40 லிட்டர் சில்லு, மீதிக்கு 650 கிராம் நார்த்தூள் கட்டி இரண்டு. தூளை மட்டும் போட்டால் மேலே புழுதி, அடியில் சேறு. சில்லை மட்டும் போட்டால் ஊற்றிய தண்ணீர் நேராகத் தரைக்குப் போய்விடும். கலந்தால் தூள் நீரைப் பிடித்துக்கொள்ளும், சில்லுகளின் இடைவெளியில் காற்று ஓடும், பாம்பு படுக்கும் மேல்பரப்பு காய்ந்திருக்கும்.

கட்டியை வெதுவெதுப்பான நீரில் ஊற வையுங்கள். டிசம்பர்க் குழாய்த் தண்ணீரில் மணிக்கணக்கில் உதிராது. நார்த்தூளில் உப்பு இருக்கும். பிழியும் நீர் கருங்காப்பி நிறம் மாறி வெளிறிய டீ நிறத்துக்கு வரும்வரை அலச வேண்டும். உரம் கலந்த தோட்டக்கலைக் கட்டி வேண்டாம்.

ஸ்ப்ரே அடிப்பதை விட்டுவிடுங்கள். மேல்பரப்பு மட்டும் நனைந்து, இரண்டு மணி நேரத்தில் பழையபடி காய்ந்துவிடும். நான்கு மூலைகளிலும் 250 மி.லி. வீதம் ஊற்றினால் நீர் அடியில் பரவி மெல்ல ஆவியாகும். ஜனவரி முதல் மார்ச் வரை வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் சூடான பக்க மூலைகளில் மட்டும். ஊற்றுமுன் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். சொட்டினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு, உருண்டையாக நின்றால் சரி.

உள்ளூர் மரமில் சீவலைத் தொடவே கூடாது. சைப்ரஸ், பைன், யூகலிப்டஸ் எது கலந்திருக்கும் என்று தெரியாது. அவற்றின் எண்ணெய் வாடை மூடிய பெட்டியில் பாம்பின் நுரையீரலைப் புண்ணாக்கும். ஆஸ்பென் சீவல் கார்ன் ஸ்நேக்குக்கு நல்லது, ஈரம் பட்டால் நாலைந்து நாளில் பூஞ்சணம். செய்தித்தாள் புதிதாக வந்த பாம்புக்கு மட்டும். எச்சத்தையும் உண்ணியையும் பார்க்க வசதி, ஈரம் நிற்காது. பாசி வேண்டுமானால் கடையில் வாங்குங்கள். சோலைக்காட்டிலிருந்து எடுப்பது குற்றம். (பால் பைத்தானை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது.)

8 செ.மீ. பெட்டிங்குக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் மின்விரிப்பு) வைப்பது ஆபத்து. சூடு மேலே ஏறாமல் அடியில் தேங்கும். குழி தோண்டி இறங்கும் பாம்புக்கு வயிறு வெந்துவிடும். மேலிருந்து செராமிக் ஹீட்டர், கம்பிக்கூண்டு, தெர்மோஸ்டாட் மூன்றும் வேண்டும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25-க்குக் குறையாமல்.

ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர், பெட்டிங் மட்டத்தில். மீட்டரைச் சரிபார்க்க ஒரு மூடியில் உப்பைச் சில சொட்டு நீரில் குழைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும்.

நான்கு மாதத்தில் சில்லு நைந்து புளித்த வாடை வரும், முழுதாக மாற்றுங்கள். மழையில் சில்லு காயாது, பிப்ரவரி, மார்ச் வெயிலிலேயே அடுத்த நடைக்கும் காயவைத்து மூட்டை கட்டிவிடுங்கள். வயிற்றுச் செதிலில் பழுப்புக் கொப்புளம் தெரிந்தால் மேல்பரப்பு ஈரமாகவே கிடக்கிறது என்று அர்த்தம்; அன்றே செய்தித்தாளுக்கு மாற்றி மருத்துவரிடம் காட்டுங்கள். சட்டை துண்டு துண்டாக உரிந்தால் வறட்சி. உரிந்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண்மூடிகளும் (கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதில்கள்) அதோடு வந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.